பாக்டீரியா செல்லுக்குள் என்னதான் இருக்கிறது? மீசோசோம் உண்மையா?

நீட் தேர்வுக்குப் படிக்கும் ஒரு மாணவியின் கேள்வி இது: “புரோகேரியோட்டிக் செல்லில் சவ்வு சூழ்ந்த நுண்ணுறுப்புகள் கிடையாது என்று பாடநூல் சொல்கிறது. அதே பாடம், மீசோசோம் என்ற சவ்வு மடிப்பு சுவாசத்துக்கும் டி.என்.ஏ. பிரிவதற்கும் உதவுகிறது என்றும் சொல்கிறது. இணையத்தில் தேடினால் மீசோசோம் என்று ஒன்றே இல்லை என்கிறார்கள். எதை நம்புவது? உட்கருவும் மைட்டோகாண்ட்ரியாவும் இல்லாத செல்லுக்குள் வேறு என்னதான் இருக்கிறது?”

மீசோசோம் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயிரோடு நலமாக இருக்கும் பாக்டீரியாவில் அது இல்லை. அது எப்படிப் புத்தகத்துக்குள் வந்தது என்பதைக் கடைசியில் பார்க்கலாம். உங்கள் இரண்டாவது கேள்விதான் பெரியது. பாடநூல்கள் பாக்டீரியாவை எப்போதும் “இல்லை” என்ற சொல்லால்தான் அறிமுகப்படுத்துகின்றன. உட்கரு இல்லை, மைட்டோகாண்ட்ரியா இல்லை, கோல்கை இல்லை, எண்டோபிளாச வலைப்பின்னல் இல்லை. படித்து முடிக்கும்போது, நொதிகள் கலந்த நீர் நிரம்பிய ஒரு பைதான் பாக்டீரியா என்ற எண்ணம் மனத்தில் தங்கிவிடுகிறது. இந்த எண்ணம் தவறு. பாக்டீரியாவுக்குள் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு, ஒழுங்கு உண்டு. நம் செல்கள் பெரும்பாலும் சவ்வுகளைக் கொண்டு செய்யும் இடப்பிரிப்பை பாக்டீரியா பெரும்பாலும் புரதங்களைக் கொண்டு செய்துகொள்கிறது. பழைய நுண்ணோக்கிகளுக்குச் சவ்வு தெரிந்த அளவுக்குப் புரத அமைப்புகள் தெரியவில்லை. அதனால் உள்ளே ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டார்கள்.

அளவிலிருந்து தொடங்குவோம். நம் குடலில் வாழும் எஸ்கெரிச்சியா கோலை, சுருக்கமாக ஈ. கோலை, ஏறக்குறைய 2 மைக்ரோமீட்டர் நீளமும் 1 மைக்ரோமீட்டர் அகலமும் உள்ள ஒரு குச்சி. அதன் சைட்டோபிளாசத்தில் ஒரு லிட்டருக்கு 300 முதல் 400 கிராம் வரை புரதம், ஆர்.என்.ஏ. போன்ற பெரிய மூலக்கூறுகள் இருக்கின்றன. முட்டையின் வெள்ளைக்கருவில் புரதம் நூற்றுக்குப் பத்துப் பங்குதான். அதுவே எவ்வளவு கொழகொழப்பாக இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். இவ்வளவு நெரிசலில் ஒரு புரதம் நகர்வதே சிரமம். பச்சையாக ஒளிரும் ஜி.எஃப்.பி. புரதத்தை ஈ. கோலைக்குள் வைத்து 1999இல் அளந்தபோது, அது நீரில் பரவுவதைவிட ஏறக்குறைய 11 மடங்கு மெதுவாகப் பரவியது. அப்படியிருந்தும் செல் மிகச் சிறியது என்பதால், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச்சேர அதற்கு ஒரு நொடிகூடத் தேவையில்லை. பாக்டீரியா ஏன் உள்ளே போக்குவரத்துக்கென்று தனி ஏற்பாடு செய்துகொள்ளவில்லை என்பதற்கு இதுவே முக்கியமான காரணம். 2014இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள். வளர்சிதை மாற்றம் நடக்கும் வரைதான் பெரிய துகள்கள் சைட்டோபிளாசத்துக்குள் தாராளமாக நகர்கின்றன. பாக்டீரியா பட்டினியில் ஓய்ந்துவிட்டால் உட்புறம் கண்ணாடியைப் போல இறுகிப்போகிறது. இத்தனை மாறும் ஒரு பொருளைப் பாடநூல் வரைபடங்களில் வெறும் வெள்ளை இடமாக விட்டுவிடுகிறார்கள்.

இனி டி.என்.ஏ. ஈ. கோலையின் குரோமோசோம் ஒரு வட்டம். கதிரியக்கம் ஏற்றிய டி.என்.ஏ.வைப் படச்சுருளின் மேல் பதியவைத்து ஜான் கெய்ர்ன்ஸ் 1963இல் இதைக் காட்டினார். அதில் ஏறக்குறைய 46 லட்சம் கார இணைகள் இருக்கின்றன. நீட்டிப் பிடித்தால் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வரும். அதாவது, தான் இருக்கும் செல்லைவிட ஏறக்குறைய 800 மடங்கு நீளம். இது சவ்வு எதுவும் இல்லாமல் செல்லின் நடுவே ஒரு பகுதியில் அடங்கிக் கிடக்கிறது. அந்தப் பகுதிதான் நியூக்ளியாய்டு.

எப்படி அடங்குகிறது? முதல் வேலை முறுக்குவது. கைரேஸ் என்ற நொதி, ஆற்றலைச் செலவழித்து டி.என்.ஏ.வை வெட்டி, முறுக்கை மாற்றி, மீண்டும் ஒட்டுகிறது. 1976இல் மார்ட்டின் கெலர்ட் குழு கண்டுபிடித்த நொதி இது. நம் ஊர் மருந்துக் கடைகளில் பெயர் சொல்லிக் கேட்கப்படும் சிப்ரோஃப்ளாக்சசின் தாக்குவது இந்தக் கைரேஸைத்தான். வெட்டிய இழை மீண்டும் ஒட்டாதபடி அது தடுத்துவிடுகிறது. இரண்டாவது வேலை வளைப்பதும் கட்டுவதும். ஹெச்.யூ., ஃபிஸ், ஹெச்-என்.எஸ். போன்ற சிறு புரதங்கள் டி.என்.ஏ.வை ஆங்காங்கே வளைத்தும் இணைத்தும் வைக்கின்றன. இவற்றை ஹிஸ்டோன் (நம் உட்கருவில் டி.என்.ஏ.வைச் சுற்றிவைக்கும் புரதம்) என்று சொல்லக் கூடாது. நம் ஹிஸ்டோன்களோடு இவற்றுக்கு வம்சாவளி உறவு கிடையாது. உண்மையான ஹிஸ்டோன் உறவினர்கள் பெரும்பாலும் ஆர்க்கியாக்களில் இருக்கிறார்கள்; இவை உட்கரு இல்லாத, ஆனால் பாக்டீரியாவிலிருந்து வேறான வம்சத்து நுண்ணுயிர்கள். புரோகேரியோட்டு என்ற ஒரே பெயரின் கீழ் பாக்டீரியாவையும் ஆர்க்கியாவையும் சேர்த்து வைத்தால் இப்படிப்பட்ட இடங்களில் இடறும்.

வட்டக் குரோமோசோம் என்பதும் பொது விதி கிடையாது. லைம் நோயை உண்டாக்கும் பொரிலியாவின் குரோமோசோம் நேர்க்கோடு. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸுக்கும் அப்படித்தான். காலரா கிருமிக்கு இரண்டு குரோமோசோம்கள் இருக்கின்றன.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். ஈ. கோலை தன் குரோமோசோமைப் படியெடுக்க ஏறக்குறைய 40 நிமிடம் ஆகிறது. ஆனால் நல்ல உணவு கிடைத்தால் அது 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரிகிறது. படியெடுத்து முடிக்கும் முன்பே எப்படிப் பிரிய முடியும்? விடை இதுதான்: ஒரு சுற்று முடியும் முன்பே அடுத்த சுற்று தொடங்கிவிடுகிறது. பிறக்கும் குழந்தைச் செல்லுக்குள் அதன் பேரப்பிள்ளைகளுக்கான டி.என்.ஏ. நகலெடுப்பு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. கூப்பரும் ஹெல்ம்ஸ்டெட்டரும் 1968இல் இந்தக் கணக்கைத் தெளிவாக்கினார்கள். உட்கருச் சவ்வைக் கலைத்து, குரோமோசோம்களைப் பிரித்து, சவ்வை மீண்டும் கட்டும் நம் செல்களால் இதைச் செய்ய முடியாது. அந்த வகையில் உட்கரு இல்லாதது பாக்டீரியாவுக்கு ஆதாயம்தான்.

பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையங்களைப் பற்றி பாடநூல் சொல்வதே போதுமானது. குரோமோசோமைச் சாராமல் தானே படியெடுத்துக்கொள்ளும், செல்லிலிருந்து செல்லுக்குத் தாவும், மருந்து எதிர்ப்பு ஜீன்களைச் சுமக்கும். சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பங்குகொண்டு 2010இல் வெளியான, என்.டி.எம்.-1 என்ற மருந்து எதிர்ப்பு ஜீனைப் பற்றிய ஆய்வு உலகைக் கவலைகொள்ள வைத்ததற்குக் காரணமே அந்த ஜீன் இருந்த இடம்தான். சென்னையிலும் அரியானாவிலும் பிரிட்டனிலும் எடுத்த மாதிரிகளில் அது பெரும்பாலும் பிளாஸ்மிட்டுகளில் உட்கார்ந்திருந்தது.

புரதம் செய்யும் எந்திரமான ரைபோசோமுக்கு வருவோம். மெதுவாக வளரும் ஈ. கோலையில் சில ஆயிரம் இருக்கும். வேகமாக வளர்ந்தால் 70,000 வரை போகும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 நானோமீட்டர் அகலம். சிறிய துணையலகு 30எஸ், பெரியது 50எஸ், சேர்ந்தால் 70எஸ். முப்பதும் ஐம்பதும் எண்பதுதானே என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பார்கள். எஸ் என்பது எடை அல்ல. மையவிலக்கியில் சுழற்றும்போது ஒரு துகள் எவ்வளவு விரைவாகப் படிகிறது என்பதன் அளவு. அது வடிவத்தையும் பொறுத்தது என்பதால் கூட்டினால் சரியாக வராது. ரைபோசோமின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆர்.என்.ஏ. அமினோ அமிலங்களை இணைக்கும் வேலையைச் செய்வதும் அந்த ஆர்.என்.ஏ.தான், புரதம் அல்ல. வெந்நீர் ஊற்றில் வாழும் தெர்மஸ் தெர்மோஃபிலஸ் பாக்டீரியாவின் 30எஸ் துணையலகை அணு அளவில் வெளிக்கொணர்ந்தவர்களில் ஒருவர், 1952இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். அந்த அமைப்பு 2000இல் வெளியானது. 2009இல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனாத் ஆகியோருடன் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்த அமைப்பைத் தெரிந்துகொள்வதில் நடைமுறைப் பயன் இருக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் 30எஸ் துணையலகில் ஒட்டுகின்றன. எரித்ரோமைசினும் குளோராம்ஃபெனிகாலும் 50எஸ் துணையலகில் ஒட்டுகின்றன. நம் சைட்டோபிளாசத்தில் இருப்பது 80எஸ் என்பதால் நாம் தப்பிக்கிறோம். ஆனால் முழுவதும் தப்பவில்லை. நம் மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் பாக்டீரியாவாக இருந்தது என்பதால், அதன் ரைபோசோம் பாக்டீரியா ரைபோசோமுக்கு நெருக்கமானது. மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வில் ஒரு குறிப்பிட்ட எழுத்து மாறிப் பிறந்தவர்களுக்கு, ஸ்ட்ரெப்டோமைசின் வகை மருந்துகள் செவித்திறனைப் பறித்துவிடக்கூடும்.

உட்கருச் சவ்வு இல்லாததால் இன்னொரு விளைவும் உண்டு. நம் செல்லில் ஆர்.என்.ஏ. உட்கருவில் எழுதப்பட்டு வெளியே வந்த பிறகுதான் ரைபோசோம் அதைத் தொட முடியும். பாக்டீரியாவில் எழுதி முடிக்கும் முன்பே ரைபோசோம்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வாசிக்கத் தொடங்கிவிடுகின்றன. ஆஸ்கர் மில்லரின் குழு 1970இல் எடுத்த எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் இது கண்கூடாகத் தெரிந்தது. எல்லா பாக்டீரியாவும் இப்படித்தான் என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவில் ஆர்.என்.ஏ. எழுதும் நொதி ரைபோசோமைப் பின்னால் விட்டுவிட்டு முன்னே ஓடிவிடுகிறது என்று 2020இல் தெரியவந்தது.

சைட்டோஸ்கெலிட்டன், அதாவது செல் சட்டகம், யூகேரியோட்டுக்கு, அதாவது உட்கரு உள்ள செல்லுக்கு, மட்டுமே உரியது என்று பழைய நூல்கள் எழுதின. 1991இல் பீயும் லட்கென்ஹாஸும் எஃப்.டி.எஸ்.இசட். என்ற புரதம், பிரியப்போகும் ஈ. கோலையின் நடுவில் ஒரு வளையமாகக் கூடுவதைக் கண்டார்கள். அதன் முப்பரிமாண வடிவம் வெளியானபோது அது நம் செல் சட்டகப் புரதமான டியூபியூலினின் உறவினர் என்பது உறுதியானது. 2001இல் எம்.ஆர்.இ.பி. என்ற புரதம் நம் இன்னொரு சட்டகப் புரதமான ஆக்டினின் உறவினர் என்று தெரிந்தது. குச்சி வடிவப் பாக்டீரியாவிலிருந்து இதை நீக்கினால் உருண்டையாகிவிடும். 2003இல் பிறைவடிவக் காலோபேக்டரின் வளைவுக்குக் காரணமான கிரெசென்டின் வந்தது. பன்னிரண்டே ஆண்டில் “சட்டகம் இல்லை” என்ற வரி செல்லாததாகிவிட்டது.

வளையம் சரியாக நடுவில்தான் விழ வேண்டும் என்று அந்தப் புரதத்துக்கு எப்படித் தெரியும்? இதற்கான ஏற்பாடு அபாரமானது. மின்சி, மின்டி, மின்இ என்று மூன்று புரதங்கள். மின்டி ஒரு முனையின் சவ்வில் கூடுகிறது. மின்இ அதை அங்கிருந்து கழற்றுகிறது. கழன்றது மறுமுனைக்குப் போய்க் கூடுகிறது. இப்படி ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை முனைக்கு முனை அலைந்துகொண்டே இருக்கிறது. கூடவே பயணம் செய்யும் மின்சி, வளையம் உருவாவதைத் தடுக்கும் புரதம். கணக்குப் பார்த்தால், இரு முனைகளிலும் அதன் சராசரி அதிகம், நடுவில் மிகக் குறைவு. ஆகவே வளையம் நடுவில் உருவாகிறது. உள்ளே தடுப்புச் சவ்வு எதுவும் இல்லாமல், வெறும் அலைவைக்கொண்டே செல் தன் நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்கிறது. 1999இல் ராஸ்கினும் டி போயரும் ஒளிரும் புரதம் கொண்டு இதைப் பார்த்தார்கள்.

அடுத்தது சேமிப்புத் துகள்கள். கிளைக்கோஜன், பாலிபாஸ்பேட், கந்தகம், பி.எச்.பி. (பாலிஹைட்ராக்சிபியூட்டிரேட்) என்று பட்டியல் போட்டுப் படித்திருப்பீர்கள். பாலிபாஸ்பேட் துகள் தொண்டை அடைப்பான் கிருமியில் ஆல்பர்ட் சாயத்தில் பச்சை உடலுக்குள் கருநீலப் புள்ளிகளாகத் தெரியும். ஆய்வகத்தில் கிருமியை அடையாளம் காணும் துப்பு அது. பி.எச்.பி. என்பதை மாரிஸ் லெமாய்ன் 1920களில் கண்டறிந்தார். இன்று மக்கும் பிளாஸ்டிக்குக்கு அதைத்தான் பேசுகிறார்கள். இதற்கு மேல் அவற்றில் நிற்க வேண்டியதில்லை.

நிற்க வேண்டிய இடம் புரதத்தால் கட்டிய அறைகள். சயனோபாக்டீரியாவில், அதாவது நீலப்பசும்பாசியில், கார்பாக்சிசோம் என்ற பெட்டி இருக்கிறது. 20 முகங்கள் கொண்ட வடிவம், ஏறக்குறைய 100 நானோமீட்டர், சுவர் முழுவதும் புரதம். 1956இல் படத்தில் பார்த்தவர்கள் வைரஸோ என்று சந்தேகிக்கும்படியான தோற்றம். 1973இல் ஷைவ்லி குழு பிரித்தெடுத்துப் பார்த்தபோது உள்ளே கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் ருபிஸ்கோ நொதி நிரம்பியிருந்தது. ருபிஸ்கோ மந்தமான நொதி; கார்பன் டை ஆக்சைடுக்குப் பதிலாக ஆக்சிஜனையும் பிடித்துத் தொலைக்கும். அதனால் பெட்டிக்குள் பைகார்பனேட்டை வரவிட்டு, உள்ளேயே கார்பன் டை ஆக்சைடாக மாற்றி, நொதியைச் சுற்றி அதன் அடர்த்தியைச் செல் கூட்டுகிறது. சால்மொனெல்லாவில் இதே மாதிரியான சுவர் வேறொரு காரணத்துக்காக இருக்கிறது. புரோப்பேன்டயாலைச் சிதைக்கும்போது இடையில் பிறக்கும் நச்சு ஆல்டிஹைடு செல்லுக்குள் பரவாமல் அடைத்துவைக்க.

வாயுக் குமிழ்களும் புரதச் சுவர்தான். ஏரியில் நீலப்பசும்பாசி மேலே மிதந்து படர்வது இவற்றால். உள்ளே வாயுவை ஊதி நிரப்புவதாக நினைக்க வேண்டாம். சுவரின் உட்பக்கம் நீரை வெறுப்பது. நீர் நுழைய முடியாது. கரைந்த வாயு தாராளமாக வந்துபோகும். ஜெர்மானியத் தாவரவியலாளர் கிளீபான் 1895இல் செய்த சோதனை எளியது. பாசி நீர் நிறைந்த புட்டியைத் தக்கையால் இறுக மூடி, தக்கையைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார். அழுத்தத்தில் குமிழ்கள் நொறுங்கின. மிதந்த பாசி அடியில் போய்ப் படிந்தது.

இவ்வளவும் புரதம். சவ்வால் ஆனது ஒன்றும் கிடையாதா? உண்டு. அங்கேதான் பாடநூல் வரி இடிக்கிறது. சயனோபாக்டீரியாவுக்கு ஒளிச்சேர்க்கை நடக்கும் சவ்வான தைலக்காய்டு இருக்கிறது. ரிச்சர்ட் பிளேக்மோர் 1975இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடலோரச் சேற்றில் கண்ட காந்தப் பாக்டீரியாவில் மேக்னட்டோசோம் இருக்கிறது. செல் சவ்வு உள்நோக்கிக் குழிந்து பையாகி, அதற்குள் மேக்னடைட் படிகம் வளர்கிறது. ஆக்டினின் உறவான ஒரு புரத இழை அவற்றை வரிசையில் பிடித்துவைக்கிறது. இந்த வரிசை பூமியின் காந்தப்புலத்தோடு செல்லை ஒருமுகப்படுத்துகிறது. வட அரைக்கோளத்தில் புலம் வடக்கிலும் கீழ்நோக்கியும் சாய்ந்திருப்பதால், அங்குள்ளவை வடக்கே நீந்தினால் ஆக்சிஜன் குறைந்த அடிச்சேற்றை அடையலாம். தென் அரைக்கோளத்து உறவினர்கள் பெரும்பாலும் தெற்கே நீந்துகின்றன.

அம்மோனியாவை ஆக்சிஜன் இல்லாமல் நைட்ரஜனாக்கும் அனமாக்ஸ் பாக்டீரியாவில் அனமாக்சோசோம் என்ற முழுமையாகச் சவ்வு சூழ்ந்த அறை இருக்கிறது. இடைப்பொருளாக உருவாவது ஹைட்ரசீன். ராக்கெட் எரிபொருளாகப் பயன்படும் அதே நச்சுப் பொருள். அதன் சவ்வுக் கொழுப்புகளும் வேறெங்கும் காணாத, வளையங்கள் அடுக்கிய அமைப்பு கொண்டவை.

2022இல் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது தியோமார்கரிட்டா மேக்னிஃபிகா. கரீபியன் தீவான குவாதலூப்பில், நீரில் மூழ்கி அழுகும் அலையாத்தி இலைகளில் கிடைத்த பாக்டீரியா. ஒரே செல், ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் நீளம், நுண்ணோக்கி இல்லாமலே தெரியும். டி.என்.ஏ.வும் ரைபோசோம்களும் சவ்வு சூழ்ந்த சிறு பைகளில் அடைபட்டிருக்கின்றன. மரபணுத் தொகுதியின் பிரதிகள் இலட்சக்கணக்கில். இவ்வளவு பெரிய செல்லில் ஒரே இடத்தில் டி.என்.ஏ.வை வைத்தால் புரதம் மறுமுனைக்குப் போய்ச்சேராது. ஆகவே செல் முழுவதும் பல பிரதிகளைப் பரப்பி வைத்திருக்கிறது. நடுப்பகுதி முழுவதும் ஒரு பெரிய சவ்வுப் பை (வாக்குவோல்). உயிருள்ள சைட்டோபிளாசம் ஓரத்தில் மெல்லிய படலம் மட்டுமே.

இப்போது மீசோசோம். 1953இல் சாப்மனும் ஹில்லியரும் பேசில்லஸ் செல்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, செல் பிரியும் இடத்தருகே மடிப்புகளைக் கண்டார்கள். 1960இல் ஃபிட்ஸ்-ஜேம்ஸ் அதற்கு மீசோசோம் என்று பெயரிட்டார். பெயர் வந்ததும் வேலைகளும் வந்து சேர்ந்தன. செல் சுவர் உருவாக்கம், டி.என்.ஏ. பிரிவு, சுவாசம், சுரப்பு என்று மைட்டோகாண்ட்ரியாவின் இடத்தை நிரப்ப ஆள் கிடைத்ததுபோல எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டினார்கள். சிக்கல் மாதிரியைத் தயாரித்த விதத்தில் இருந்தது. செல்லை ஆஸ்மியம் டெட்ராக்சைடு போன்ற வேதிப்பொருளில் ஊறவைத்து நிலைப்படுத்துவார்கள். அந்த வேளையில்தான் சவ்வு சுருண்டு உள்ளே மடிந்தது. வேதிப்பொருள் இல்லாமல் விரைந்து உறையவைத்துப் பார்த்தவர்களுக்கு 1970களிலிருந்தே மடிப்புகள் குறைந்தன அல்லது காணாமல் போயின. 1983இல் ஜாக் டூபோஷே குழு நீரோடு உறையவைத்த பாக்டீரியாவைப் பார்த்தபோது மீசோசோம் எதுவும் இல்லை. அதே உறைய வைக்கும் முறைக்காக அவர் 2017இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். சவ்வைக் காயப்படுத்தும் சில மருந்துகள் பட்ட செல்களிலும் இப்படிப்பட்ட மடிப்புகள் பின்னர் காணப்பட்டன. அதாவது, அது செல்லின் உறுப்பு அல்ல, செல் பட்ட அடியின் தழும்பு.

அப்படியானால் சுவாசம் எங்கே நடக்கிறது? சாதாரண செல் சவ்வில்தான். எலக்ட்ரான் கடத்தும் புரதங்களும் ஏ.டி.பி. உருவாக்கும் நொதியும் அதில் பதிந்திருக்கின்றன. இவ்வளவு சிறிய செல்லுக்குக் கன அளவோடு ஒப்பிட்டால் பரப்பு தாராளம்; மடித்துப் பெருக்க வேண்டிய தேவையே இல்லை. டி.என்.ஏ. பிரிவதைக் கவனிப்பவை மேலே சொன்னவை போன்ற புரத ஏற்பாடுகள்.

தேர்வில் என்ன செய்வது? என்.சி.இ.ஆர்.டி. நூலில் மீசோசோம் இருக்கும் வரை, “சுவாசத்துக்கு உதவும் புரோகேரியோட்டு அமைப்பு எது” என்று கேட்டால் மீசோசோம் என்றே குறியுங்கள்; அங்கே விடைக்குறிப்போடு சண்டை போட்டால் மதிப்பெண்தான் போகும். “சவ்வு சூழ்ந்த நுண்ணுறுப்பு இல்லை” என்ற வரியையும் தேர்வுக்கு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரிக்குப் போய் நுண்ணுயிரியல் எடுத்தால், முதல் பருவத்திலேயே அந்த வரியில் “பெரும்பாலும்” என்ற சொல்லைச் சேர்த்துவிடலாம்.